ஸ்டேஷனுக்கும் ஆற்றுக்கும் நடுவே

போன மாதம் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் டிரோன் விட்டார்கள். விட்டது ஒரு இளம் பெண் சர்வேயர். நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் கரை மொத்தமும் அவள் கையில் இருந்த திரைக்குள் வந்துவிட்டது. நான் செயின்மேனாக இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிட்டே வந்தாள்.

"அண்ணா, நீங்க செயின் இழுத்த காலத்தப் பத்தி எழுதிக் குடுங்க. ஆபீஸ் மலர்ல போடறோம்."

"இன்னா எழுதறது? இழுத்தேன். அவ்ளோதான்."

"அதையே எழுதுங்க."

எழுதுகிறேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. பிழை இருந்தால் அந்தப் பெண்ணே திருத்திக்கொள்ளட்டும்.

செயின்மேன் என்றால் சர்வேயரோடு போகிற ஆள். சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். கொடிக் கம்பை நட்டுக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். முள் வெட்ட வேண்டும், கல் புதைக்க வேண்டும். கடைசியில் சுவரில் சிவப்பு பெயின்டால் குறி போட வேண்டும். அளப்பது அவர். ஓடுவது நான்.

என் அப்பா தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவர். அவர் கால் விரல் இடுக்கெல்லாம் புண். நீ அங்கே வராதே என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதனால் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். தற்காலிகமாக எடுத்தார்கள். பிறகு நிரந்தரம் ஆனது. கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். சங்கிலியில் முறுக்கு இருக்கக் கூடாது. கம்பு சாயக் கூடாது. அளக்கும்போது நிலத்துக்காரர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தொய்யும். இதில் மூன்றாவது எனக்குக் கடைசி வரை சரியாக வரவில்லை.

பல சர்வேயர்களோடு வேலை செய்தேன். மனதில் நிற்பவர் தணிகாசலம் சார் ஒருவர். குடியாத்தம் பக்கத்துக்காரர். ஒல்லி. குடை பிடிக்க மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே இறங்கும். வீட்டுக்குள் அளக்கப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். குடிசை என்றாலும் அப்படித்தான். நானும் கழற்ற வேண்டும்.

அவரிடம் ஒரு பழக்கம். இடிக்கப் போகிற வீடு என்றால், அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் சுவரில் குறி போட விடமாட்டார். வாசலில் நின்று, "அம்மா, குடிக்கத் தண்ணி குடுங்க" என்பார். கொடுத்ததைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்வார். வீட்டில் எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும், எங்கே போய் யாரைக் கேட்க வேண்டும் எல்லாம். அதன் பிறகுதான் என்னைப் பார்த்துத் தலையை அசைப்பார். நான் பெயின்ட் டப்பாவைத் திறப்பேன்.

எல்லா வீட்டிலும் குடிப்பார். காலனி வீடு, பாய் வீடு, கோயில் பூசாரி வீடு, எல்லாம் அவருக்கு ஒன்று. தனக்கென்று டம்ளர் கொண்டுவருகிற ஆபீசர்களோடும் நான் சுற்றியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாலாற்றை ஒட்டி, தோல் ஷாப் இருக்கிற இடமெல்லாம் நிலத்தடி நீர் கெட்டது. மேல்விஷாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் முதல் தடவை அவரோடு போனேன். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். உப்பும் கசப்புமாக இருந்தது. துப்பப் போனேன். அவர் என்னைப் பார்த்தார்.

"முழுங்கு."

முழுங்கினேன். திரும்பி வரும்போது சொன்னார். "அவங்க தெனம் அதத்தான் குடிக்கிறாங்க, கோவிந்தா. அவங்க வூட்ட எடுக்கப் போறோம். ஒரு வாய் தண்ணி நமக்குக் கசக்குதா?"

அவர் அதிகம் பேசியது அன்றைக்குத்தான்.

இனி ஆற்றோரத் தெரு.

எங்கள் ஊரில் ரயில்வே லைனும் ஆறும் பக்கத்தில் பக்கத்தில் போகும். நடுவில் ஒரு தெரு இருந்தது. ஸ்டேஷன் சுற்றுச்சுவர் அடியில் தொடங்கி, இறங்கி இறங்கி, ஆற்று மணலில் போய் முடியும். தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள், ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்கள், பூ விற்கிறவர்கள் இருந்தார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாம் கலந்து. நல்ல இடம் என்று சொல்ல மாட்டேன். சாக்கடை நடுத்தெருவில் ஓடியது. கழிவு நீர் நாற்றம் எப்போதும் இருந்தது. ஆற்றில் எப்போதாவது வெள்ளம் வந்தால் பாம்பும் சேர்ந்து வரும். பாத்திரம் பண்டம் மணலில் புதைந்து கிடக்கும். அந்தக் கரையைச் சரி செய்ய வேண்டும் என்று வந்தார்கள். நடைபாதை, பூங்கா, விளக்கு. ஸ்டேஷனுக்குப் புது முகப்பு, லிஃப்ட், வண்டி நிறுத்த இடம். தெருக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு. தெருவைக் காலி செய்யக் கேட்டதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிலருக்குச் சம்மதம். பலருக்கு இல்லை.

முதல் நாள் ஆற்றுப் பக்கக் கோடியில் தொடங்கினோம். சார் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். குடித்தார். நான் குறி போட்டேன்.

மறுநாள் போனோம். தெரு மாறியிருந்தது.

முதல் வீட்டில் ஒரு பெண் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "தண்ணி இல்ல சார்."

பின்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். மேலே ஒரு புடவையைப் போர்த்தியிருந்தார்கள்.

"அது இன்னாம்மா?" என்றேன் நான்.

"காலிக் குடம்."

புடவை ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. சார் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் இல்லை. தெருக்குழாயின் திருகைக் கழற்றி வைத்துவிட்டார்கள். விஷயம் இதுதான். சர்வேயர் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறாரோ அந்த வீடுதான் போகும் என்று தெருவில் முடிவு செய்திருந்தார்கள். தண்ணீர் கொடுக்காவிட்டால் குறி விழாது.

தோல் துண்டு வாங்கி விற்கும் ஜமீல் பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து சலாம் வைத்தார்.

"வாங்க சர்வேயர் சாப். எங்க வூட்ல தண்ணி மட்டும் பேஜாரு. டீ குடிங்க. டீ குடிச்சா குறி போட மாட்டீங்கல்ல?"

தெரு முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார்.

"டீ வேணாம் பாய். தண்ணிதான்."

"அப்ப நாளைக்கு வாங்க. மழை பெஞ்சா தரேன்."

மாடிப்படியில் இருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். "ஏய், அந்தாளுக்கு விக்கல் எடுத்தாக்கூட சொட்டு ஊத்தாதீங்கடி!"

அன்று ஒரு குறியும் விழவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும். சர்வேயர் தாகத்தோடு தெருவில் நிற்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பேருந்து நிலையத்தில் என்னைக்கூடக் கிண்டல் செய்தார்கள். வெயில் காலம். எனக்குத் தலை சுற்றியது.

"சார், பையில பாட்டில் இருக்குது. ஒரு வாய் குடிச்சிட்டு வேலயப் பாப்போம்."

"அது நம்ம தண்ணி, கோவிந்தா."

எஞ்சினியர் போன் செய்தார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "இன்னா சர்வேயர், தண்ணிக்குக் காத்துக்கினு இருக்கீங்களாமே? லாரி அனுப்பட்டுமா?"

சார், "வேணாம் சார், குடுப்பாங்க" என்றார். வைத்துவிட்டார்.

போலீசைக் கூட்டிக்கொண்டு போய்க் குறி போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அன்று சாயங்காலம் சார் ஸ்டேஷன் சுவரடியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. ஷூ கம்பெனி பஸ் வந்து பெண்களை இறக்கிவிட்டது. அதில் எஸ்தரக்கா வந்தார். ஷூவின் மேல் தோலுக்குப் பசை தடவுகிற வேலை அவருக்கு. தெருவில் ஸ்டேஷன் பக்கம் முதல் வீடு அவருடையது. என்னைவிடச் சில வயது மூத்தவர். கணவர் இல்லை. தெருவில் தினமும் பார்த்ததில் எனக்கு அவரைத் தெரியும். சாரை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போனார். சொம்போடு வந்தார்.

எதிர்வீட்டில் சத்தம் எழுந்தது. "எஸ்தரு! குடுக்காத!"

"வாய் காஞ்சி கிடக்குது பாரு."

"குடுத்தா உன் வூடுதான் மொதல்ல போவும்!"

"தாகத்துக்குக் குடுக்கறேன். குறிக்குக் குடுக்கல" என்றார் எஸ்தரக்கா. சொம்பை நீட்டினார்.

சார் எழுந்து நின்று வாங்கினார். குடித்து முடித்தார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் காறித் துப்பினார்.

சார் வழக்கம்போல் கேட்டார். "வூட்ல யாரு யாரும்மா இருக்கீங்க?"

"நானும் எம்புள்ளையும்."

"புள்ள எங்க?"

"ரயில்ல போயிருக்கான் சார்."

"எந்த ஊருக்கு?"

"தெரியாது."

பிறகு சொன்னார். மகன் பெயர் தாவீது. முப்பது வயதைத் தாண்டியவன். பிறவியிலேயே மூளை வளர்ச்சி கம்மி. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். ரயில் என்றால் உயிர். வந்து நிற்கிற வண்டி ஏதாவது ஒன்றில் ஏறிப் போய்விடுவான். பெங்களூர் பக்கம் போவான், சென்னைப் பக்கம் போவான். சில நாளில் வருவான், சில மாதத்தில் வருவான். எப்படியும் வந்துவிடுவான். எப்படி வருகிறான் என்று யாருக்கும் தெரியாது. எஸ்தரக்கா சொன்னது, தோல் வாசனை அடித்ததும் இறங்கிவிடுவான் என்று. வண்டியில் மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற இடத்தில் அவன் எழுந்து நிற்பான். இறங்கினால் மெயின் வாசல் பக்கம் போக மாட்டான். பிளாட்பாரத்தின் கோடிக்கு நடப்பான். சுற்றுச்சுவரில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. அதில் நுழைந்து இறங்கினால் நேரே வீடு. ஊர் பெயர் அவனுக்குத் தெரியாது. தெரு பெயர் தெரியாது. இந்த வழி மட்டும் தெரியும்.

"வூட்ட எடுத்துக்குங்க சார். வேணாம்னு சொல்லல. அவன் வந்தப்புறம் எடுத்துக்குங்க. அவன் ஒரு தடவ வந்துட்டா, கையப் புடிச்சி இட்டுக்கினு நானே போய்டுவேன்."

"எப்ப போனான்?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும்."

அப்போது சித்திரை.

சார் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். "வாக்கு குடுக்க முடியாதும்மா. கோடு நான் போடறது இல்ல. மேல இருந்து வருது. நான் நெலத்துல காட்டறவன்."

"சரி சார்."

"கேட்டுப் பாக்கறேன்."

"சரி சார்."

அன்றைக்கு அந்த வீட்டில் குறி போடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை நாங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஜமீல் பாய் சொம்போடு நின்றார். சிரிப்பில்லை. "குடிங்க சாப். அந்தம்மாவே குடுத்துட்டாங்க. அவங்களவிட எனக்கா ஜாஸ்தி கஷ்டம்?" அவருக்குப் பிறகு ஒவ்வொரு வீடாகத் தண்ணீர் வந்தது. பேச்சு இல்லை. சார் குடித்தார். நான் குறி போட்டேன். என் வேலையில் அவ்வளவு அமைதியான நாள் வேறு இல்லை.

கடைசியாக எஸ்தரக்கா வீடு. நான் கதவுப் பக்கம் போனேன். சார் தடுத்தார்.

"முன்னால வேணாம். பக்கச் சுவத்துல போடு. பையன் வந்தா செவப்பப் பாத்துப் பயப்படுவான்."

பக்கச் சுவரில் போட்டேன்.

அதற்கு மறுநாள் சார் எஞ்சினியரைப் பார்க்கப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"ஒரு வூட்டுக்காக பிளான மாத்தச் சொல்றீங்களா?"

"பிளான் மாற வேணாம் சார். வேலைய ஆத்துப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஸ்டேஷன் பக்கம் கடைசியா வரட்டும்."

"எந்தப் பக்கம் ஆரம்பிச்சாலும் முடியறது ஒண்ணுதானே?"

"ஆமா சார். நாள் கிடைக்கும்."

எஞ்சினியர் கெட்டவர் இல்லை. ஒத்துக்கொண்டார். அதுதான் சாரால் முடிந்தது. நாள் வாங்கிக் கொடுத்தார்.

ஜேசிபி ஆற்றுப் பக்கத்தில் இருந்து வந்தது. வீடு வீடாக இடித்தது. தெருக்காரர்கள் லாரியில் சாமான் ஏற்றிப் போனார்கள். கடைசியில் எஸ்தரக்கா வீடு மட்டும் தனியாக நின்றது. சுற்றிலும் செங்கல் குவியல். அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு ரயில் வரும்போதும் சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். ரயில்வே போலீசில் போட்டோ கொடுத்தோம். சர்ச்சில் ஜெபம் வைத்தார்கள். என் மனைவி சரசா எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். தினமும் சார் என்னைக் கேட்பார். "வந்தானா?" நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

வரவில்லை. நாள் முடிந்தது. ஜேசிபி அவர் வீட்டுக்கு வந்தது. எஸ்தரக்கா அழவில்லை. டிரைவரிடம், "கொஞ்சம் இருப்பா" என்று சொல்லி, ஸ்டேஷன் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு நகர்ந்து நின்றார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, உன் வூடு ஸ்டேஷன் கிட்டதானே? கண்ணுல பட்டா விட்டுடாத."

"விடமாட்டேங்கா."

அடுக்குமாடியில் அவருக்கு மூன்றாவது மாடி கிடைத்தது. பஸ் ஏறிப் போக வேண்டிய தூரம்.

அன்று முதல் நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை. பாசஞ்சர் வண்டியில் இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். ஷூ கம்பெனிப் பெண்கள் கும்பலாக இறங்கிப் போவார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஃபைலோடு இறங்குவார்கள். கடைசி ஆள் போகும் வரை நிற்பேன். ஓய்வு பெற்ற பிறகும் போனேன்.

"இன்னா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்களா?" என்பாள் சரசா.

"இன்னும் இல்ல."

"சம்பளம் இல்லாத டூட்டி. போ, போ. டீ குடிச்சிட்டுப் போ."

அவளும் திட்டுவதற்குத்தான் திட்டினாள். மழை நாளில் நான் படுத்திருந்தால், "இன்னைக்குப் போவலியா?" என்று அவளே கேட்பாள்.

என் கண் முன்னால்தான் எல்லாம் மாறியது. சுவர் ஓட்டையை அடைத்தார்கள். சுவரையே உயர்த்திக் கட்டி, படம் வரைந்தார்கள். ஸ்டேஷன் வாசல் எதிர்ப்பக்கம் போனது. பிளாட்பாரத்துக்குக் கூரை வந்தது, லிஃப்ட் வந்தது. கரையில் மண் கொட்டி மேடாக்கி, கல் பதித்து, புல் போட்டார்கள். சாக்கடையை மூடிவிட்டார்கள். சாயங்காலத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். நாற்றமும் முன் மாதிரி இல்லை. நான் குறை சொல்லவில்லை. ஊர் அழகாகத்தான் ஆனது. எனக்கு மட்டும் அங்கே போனால் கண் தரையையே தேடும். இங்கே ஜமீல் பாய் நாற்காலி. இங்கே குழாய். இங்கே அந்தப் புடவை போர்த்திய குடங்கள். சிரிப்புச் சத்தம். எல்லாம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

தணிகாசலம் சார் மாற்றலாகி வேலூர் போனார். அங்கேயே ஓய்வு பெற்று, பாகாயத்தில் மகள் வீட்டோடு இருந்தார். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். "எப்பிடி இருக்க கோவிந்தா" என்பது கிடையாது. எடுத்ததும், "வந்தானா?" என்பார். "இல்ல சார்" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். வருஷத்துக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான். போன வருஷம் அவர் போய்விட்டார். இந்தப் பொங்கலுக்குப் போன் வரவில்லை. அன்று முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

தாவீது அதற்குப் பிறகு வந்தான்.

காலை வண்டி போய்விட்டது. பிளாட்பாரம் காலி. நானும் திரும்பினேன். கோடியில், சுவரில் மயில் வரைந்திருக்கும் இடத்தில், ஒரு ஆள் நின்றான். உள்ளங்கையை மயில் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. யாரோ கொடுத்த பெரிய சட்டை. தள்ளிப் பார்ப்பான், நகர்வான், மறுபடியும் தள்ளுவான். ஓட்டை இருந்தது அங்கேதான்.

"தாவீது" என்றேன். திரும்பவில்லை. கையைத் தொட்டேன். உதறினான். அவன் ஓடிவிடுவான் என்று பயம். எஸ்தரக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, வந்துட்டான்."

அந்தப் பக்கம் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா?"

"புடிச்சிக்க தம்பி. விட்டுடாத. தோ வரேன்."

ஷேர் ஆட்டோவில் வந்தார். முட்டி வலிக்காரர், ஓடி வந்தார். அவன் அவரைப் பார்த்தான். கையை நீட்டி அவர் காதைத் தொட்டான். கம்மல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "ம்மா" என்றான். எஸ்தரக்கா அவன் தலையில் நான்கு அடி போட்டார். பிறகு கட்டிக்கொண்டார். நான் தள்ளிப் போய் நின்றேன்.

இத்தோடு முடித்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

அடுக்குமாடிக்கு இட்டுக்கொண்டு போனோம். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். மேலே வரவில்லை. எஸ்தரக்கா இழுத்தார், நான் தூக்கப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எப்படியோ மேலே கொண்டு போனோம். வாசலைத் தாண்டமாட்டேன் என்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். வராந்தாவில்தான் படுத்தான். தட்டில் சோறு வைத்தும் தொடவில்லை. அம்மா வேண்டும். அந்த வீடு வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் காணோம். எஸ்தரக்கா எனக்குப் போன் செய்தார். மறுபடியும் ரயில் ஏறிவிட்டான் என்றார்.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே இல்லை. கரைப் பக்கம் போனேன். பூங்காவில் இருந்தான். புல் மேல் சுற்றிச் சுற்றி நடந்தான். ஒரு இடத்தில் நிற்பான், பார்ப்பான், தலையை ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவான். மண் மேடாகிவிட்டதால் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எஸ்தரக்காவும் வந்து சேர்ந்தார். கூப்பிட்டார். வரவில்லை. அவர் கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. சாப்பிட்டு எத்தனை நாளோ, கண் உள்ளே போயிருந்தது அவனுக்கு.

"வூட்டத் தேடறான் தம்பி."

"ஆமாங்கா."

அவர் புல்லைப் பார்த்தார். விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். "எனக்கே தெரியலியே. எங்க இருந்துச்சு நம்ம வாசல்? நீ அளந்தவன்தானே, சொல்லு."

ரயில்வே எல்லைக் கல் ஒன்று சுவரடியில் இன்னும் இருக்கிறது. யார் எதை மாற்றினாலும் ரயில்வே தன் கல்லை விட்டுக் கொடுக்காது. அங்கே இருந்துதான் அன்று அளவு நாடா பிடித்தோம். அளவு எனக்கு நினைவு இருந்தது. நாடா இல்லை. கல்லுக்கு முதுகு கொடுத்து நின்று, ஆற்றைப் பார்த்து, காலால் அளந்துகொண்டு வந்தேன். சாய்வுக்கு எவ்வளவு கழிக்க வேண்டுமோ கழித்தேன். பூச்செடிப் பாத்தியைத் தாண்டி, புல்லில் ஒரு இடத்தில் நின்றேன்.

"இதான் வாசப்படி."

"நல்லாப் பாரு தம்பி."

"இதாங்கா."

எஸ்தரக்கா செருப்பைக் கழற்றினார். அந்த வீட்டு வாசல் தாழ்வானது. குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. நானும் சாரும்கூடக் குனிந்துதான் போனோம். எஸ்தரக்கா வெறும் புல்லில், ஒன்றுமில்லாத இடத்தில் தலையைக் குனிந்து ஒரு எட்டு எடுத்து வைத்தார். நிமிர்ந்தார். திரும்பிப் பார்த்தார்.

"தாவீது. உள்ள வா."

அவன் தூரத்தில் நின்று பார்த்தான். வந்தான். செருப்பு இல்லாத காலைப் புல்லில் தேய்த்துத் துடைத்தான். குனிந்தான். உள்ளே வந்தான்.

உட்கார்ந்தான். எஸ்தரக்காவும் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். மூடியில் சோற்றைப் போட்டு நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு வேக வேகமாகச் சாப்பிட்டான்.

காவல்காரர் விசிலை ஊதிக்கொண்டு வந்தார். "புல்லு மேல உக்காரக் கூடாதுமா, எந்திரிங்க, எந்திரிங்க!"

நான் எதிரே போய் அவரை நிறுத்தினேன்.

"இருப்பா" என்றேன். "உள்ள சாப்பிட்டுக்கினு இருக்காங்க."